குக்கர் பாறசாலையில் வாங்கினது, வீடு களியக்காவிளையில்: புகாரை எங்கே கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கு உதவும். ஓணம் ஆஃபரில் பாறசாலையில் ஒரு கடையில் அஞ்சு லிட்டர் அலுமினிய குக்கர் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாம் மாதம், அம்மா புட்டுக்குக் கடலை வேக வைத்துக்கொண்டிருக்கும்போது மூடி தெறித்து அவருக்கு வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டால் விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை, கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார்கள். கம்பெனி நம்பரில் பேசியவர், பழைய குக்கரைக் கடையில் கொடுத்துவிடுங்கள், புதிது தரச் சொல்கிறோம் என்கிறார். உங்கள் சந்தேகங்கள் மூன்று. வழக்குப் போட திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டுமா, பில்லுக்குப் பதிலாக இருக்கிற துண்டுச் சீட்டு செல்லுமா, அண்ணி வீட்டிலும் அதே குக்கர் இருக்கிறதே அதை என்ன செய்வது.

முதலாவதற்குப் பதில்: அலைய வேண்டாம், நாகர்கோவிலிலேயே போடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதை மட்டுமாவது இன்றைக்கே செய்யுங்கள். அந்தக் குக்கரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரரிடமும் வேண்டாம், கம்பெனி ஆளிடமும் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் மேளாவிலும் வேண்டாம், கோபத்தில் ஆக்கர் கடையில் எடைக்குப் போடவும் வேண்டாம். புதுக் குக்கர் தருகிறோம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த நசுங்கின மூடிதான், அதை வாங்கிக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் "அப்படி ஒரு குக்கரே எங்களுக்கு வரவில்லை" என்றோ "நாங்கள் பரிசோதித்தோம், குறை ஒன்றும் இல்லை" என்றோ ஒரு வரி எழுதினால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. இந்த மாதிரி மனு எழுதிக் கொடுக்கிற வேலையில் நான் அதிகம் பார்த்த தோல்வி இதுதான். சட்டம் தெரியாமல் தோற்றவர்கள் குறைவு, சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோற்றவர்கள்தான் அதிகம்.

உள்ளே இருக்கிற கடலையைக் கொட்டிவிடலாம், அது நாறும். ஆனால் குக்கரைத் தேய்க்காதீர்கள், சோப்புப் போடாதீர்கள். மூடி, பாத்திரம், ரப்பர், விசில், எல்லாம் எப்படிக் கிடந்ததோ அப்படியே காயவிட்டு, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து போனில் படம் எடுங்கள். பாத்திர விளிம்பில் மூடி பூட்டுகிற பற்கள் வளைந்திருக்கிறதா, மூடி உப்பியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறதா என்று கிட்டத்தில் வைத்து எடுங்கள். அடுத்து மூடியைத் தலைகீழாகத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். விசில் உட்காருகிற குழாயில் கடலைத் தோல் அடைத்திருக்கிறதா? பக்கத்தில் இருக்கிற சேஃப்டி வால்வின் நடுவில் உள்ள உலோகம் உருகி ஓட்டை விழுந்திருக்கிறதா, இல்லை முழுசாக இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கிற பதிலை வைத்துத்தான் வழக்கே நடக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

குக்கரில் அழுத்தம் ஏறினால் முதலில் விசில் தூக்கி ஆவியை விடும். அந்தக் குழாய் அடைத்துப்போனால் அடுத்த காவல் சேஃப்டி வால்வு. பெரும்பாலான குக்கர்களில் அதற்குள் குறிப்பிட்ட சூட்டில் உருகுகிற ஒரு உலோகக் கலவை இருக்கும், விசில் வேலை செய்யாமல் சூடு ஏறும்போது அது உருகி அந்த ஓட்டை வழியாக ஆவி சீறிப் போய்விட வேண்டும். மூடி பறக்கவே கூடாது. ஆகவே குழாய் அடைத்திருந்து, வால்வு உருகாமல் முழுசாக இருந்து, மூடி தெறித்திருக்கிறது என்றால் வால்வு தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். குழாயும் அடைக்கவில்லை, வால்வும் உருகவில்லை, ஆனாலும் மூடி தெறித்தது என்றால் பூட்டுகிற பற்களிலோ மூடியின் பொருத்தத்திலோ குறை என்று சொல்ல வழி இருக்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? "கடலையை அளவுக்கு மேல் போட்டுவிட்டார்கள், தோல் வந்து அடைத்துவிட்டது, பயன்படுத்தினவர் தவறு." இதுதான் எப்போதும் வரும் பதில், முதல் கடிதத்திலேயே வரும். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டியது: சமைக்கிறவர் கை தவறுகிற நாளுக்காகத்தானே அந்த வால்வை வைத்திருக்கிறது, அன்றைக்கு அது ஏன் உருகவில்லை?

இன்னொன்றும் கேட்பார்கள், அதற்கு உண்மையான பதிலை நீங்கள் முதலிலேயே அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று மாதத்தில் ரப்பரோ வால்வோ விசிலோ மாற்றினீர்களா? பஸ் ஸ்டாண்டு பக்கம் குக்கர் ரிப்பேர்காரரிடம் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற வால்வைப் போட்டிருந்தால் வழக்கு மிகவும் பலவீனமாகிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-வது பிரிவு, சேதம் நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்றவர் மேல் பொறுப்பு வராது என்று சொல்கிறது. மாற்றவில்லை என்றால் மனுவிலேயே "கடையில் வாங்கிய நாளிலிருந்து எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை" என்று ஒரு வரி போடுங்கள்.

இனி எல்லைப் பிரச்சினைக்கு வருகிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு பெரிய பயம், நானும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். துணி எடுக்க நெய்யாற்றின்கரை, பாத்திரம் பண்டம் வாங்க பாறசாலை, அங்கே உள்ளவர்கள் காய்கறிக்கும் மீனுக்கும் நம் பக்கம், இப்படித்தான் காலங்காலமாகப் போய் வருகிறோம், ஆனால் சாமானில் ஒரு குறை வந்தால் மட்டும் "அது கேரளம்லா, நமக்கு ஏன் பொல்லாப்பு" என்று விட்டுவிடுவோம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இதற்குக் காரணம் இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 34-வது பிரிவில் ஒரு வழி கூடியிருக்கிறது. புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே வேலை செய்கிறாரோ, அந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். உங்கள் ஆதாரில் களியக்காவிளை விலாசம் இருக்கிறதல்லவா, அது போதும். கடை பாறசாலையில் இருந்தாலும் கம்பெனி வடக்கே எங்கே இருந்தாலும் அவர்கள்தான் நாகர்கோவிலுக்கு வரவேண்டும். பிறகு மேல்முறையீடு என்று போனாலும் தமிழ்நாடு மாநில ஆணையத்துக்குத்தான் போகும், மதுரையில் அதற்கு ஒரு கிளை அமர்வு இருக்கிறது.

நீங்கள் விரும்பினால் திருவனந்தபுரத்திலும் போடலாம், தடை இல்லை. மருத்துவம் அங்கே பார்த்திருந்து, சாட்சிகளும் அங்கே இருந்தால் சிலருக்கு அது வசதி. உங்கள் விஷயத்தில் தேவையில்லை. ஒன்றே ஒன்று, இரண்டு இடத்திலும் போடக்கூடாது.

சரி, எவ்வளவு செலவாகும்? ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்கிற தொகையைக் குறைத்துவிடுகிறார்கள். எந்த ஆணையத்தில் போடுவது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கிற நஷ்ட ஈட்டை வைத்து இல்லை. விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குக்கருக்கு எட்டு லட்சம் நஷ்ட ஈடு கேட்டாலும் கட்டணம் பூஜ்யம்தான். இந்த முறை சரிதானா என்று வழக்குப் போய், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்காக வாய்க்கு வந்ததைக் கேட்காதீர்கள். மருத்துவச் செலவு, அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் போன கூலி, இனி தேவைப்படும் சிகிச்சை, வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு, குக்கரின் விலை என்று பிரித்துப் போடுங்கள். கணக்கோடு கேட்கிறவருக்கு மதிப்பு அதிகம்.

குக்கரின் விலையைத் தனியாகக் கேளுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சட்டத்தில் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவரும் விற்றவரும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு) என்கிற அத்தியாயத்தில் ஈடு கிடைப்பது உடல் காயத்துக்கும், உயிருக்கும், மற்றச் சொத்துக்கு வந்த சேதத்துக்கும், அதோடு சேர்ந்த மன வேதனைக்கும். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதில் வராது. அதனால் மனுவில் இரண்டையும் எழுத வேண்டும்: பொருளில் குறை இருந்தது, ஆகவே விலையைத் திருப்பித் தரவும், அந்தக் குறையால் காயம் பட்டது, ஆகவே ஈடு தரவும். இந்த அத்தியாயத்தில் நமக்கு மிகச் சாதகமான இடம் 84-வது பிரிவு. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்துக்கு மாறுபாடு, சரியான எச்சரிக்கையோ உபயோகக் குறிப்போ இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கடலை, பருப்பு மாதிரி நுரைக்கிற, தோல் விடுகிற சாமானை எவ்வளவு வரை போடலாம் என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அதையும் ஒரு காரணமாகச் சேருங்கள்.

யார் யாரை எதிர்த்தரப்பாகப் போடுவது? கடை, தயாரிப்பாளர், இரண்டு பேரையும். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லாமல் "மார்க்கெட்டட் பை" என்று ஒரு பெயர் மட்டும் இருந்தால் அவரையும். வேறொருவர் செய்த பொருளில் தன் பெயரைப் போட்டு விற்கிறவரும் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர்தான். தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லை, அல்லது நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்றால் 86-வது பிரிவுப்படி அந்தப் பாரம் கடைக்காரர் தலையில் வந்துவிடும். இதைக் கடைக்காரரிடம் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், கம்பெனி விலாசம் உடனே கிடைக்கும்.

புகார்தாரராக நீங்களும் அம்மாவும் சேர்ந்து நில்லுங்கள். பணம் கொடுத்தது நீங்கள், காயம் பட்டது அவர். வாங்கினவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது, அதனால் "அம்மா எங்களிடம் வாங்கவில்லையே" என்கிற வாதம் எடுபடாது.

இப்போது துண்டுச் சீட்டு. ஆஃபர் சமயத்தில் எல்லைக்கடைகளில் இது வழக்கம்தான், எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு தாளில் விலையைக் கிறுக்கிக் கொடுப்பார்கள், ஜிஎஸ்டி பில் கேட்டால் விலை கூடும் என்பார்கள். பில் தராமல் இருப்பதே 2019 சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று சீட்டின் அடியில் அச்சடித்திருப்பார்களே, அதற்கும் பெரிய பலம் ஒன்றும் இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது, ஆனால் காயத்துக்கான ஈட்டுக்கு அந்தக் கணக்குக் கிடையாது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருஷம் இருக்கிறது.

சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டியது, போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் பதிவு. அதில் கடையின் பெயர், தேதி, நேரம், தொகை எல்லாம் இருக்கும், சீட்டை விட இது நம்பத்தகுந்தது. வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குக்கர் வந்த அட்டைப்பெட்டி மச்சிலோ பரணிலோ கிடந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், தயாரித்த மாதம், விலாசம், புகார் எண் எல்லாம் அதில்தான் இருக்கும்.

மருத்துவச் சீட்டை இன்றைக்கே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கூட்டமாக இருக்கிற நேரத்தில் கேஸ் ஷீட்டில் "சுடுநீர் பட்டு காயம்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்குச் சிகிச்சைதான் முக்கியம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, குக்கருக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பார். அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது, குக்கர் மூடி தெறித்து நடந்தது என்று டாக்டரிடம் சொல்லி அன்றைய குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். காயம் ஆறுவதற்குள் தேதியோடு படமும் எடுத்து வையுங்கள், தழும்பாகிவிட்டால் அன்று இருந்த கோரம் யாருக்கும் தெரியாது.

அப்புறம், நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்கிற விஷயம். உங்கள் பணத்துக்கான வழக்கு ஒன்று. அந்தக் குக்கர் இன்னும் கடை அலமாரியில் அடுக்கியிருக்கிறதே, அதை இறக்க வைப்பது வேறொன்று. முதலாவதற்கு ஆணையம், இரண்டாவதற்கு வேறு கதவுகள். இரண்டாவதை முதலில் தட்டுங்கள், ஏனென்றால் அதற்கு வக்கீல் வேண்டாம், நாள் ஆகாது, அதில் கிடைக்கிற காகிதம் உங்கள் வழக்குக்கும் உதவும்.

குக்கரின் மூடியிலோ அடியிலோ ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்குகிற லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல் இந்த முத்திரை இல்லாத வீட்டுப் பிரஷர் குக்கரை விற்கவே கூடாது, தரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படி. முத்திரை இருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இந்த முத்திரையைக் கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் என்கிற ஆப்பை போனில் போட்டு அந்த லைசென்ஸ் எண்ணை அடித்துப் பாருங்கள், யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். குக்கரில் உள்ள எண் ஏதோ ஒரு சிமென்ட் கம்பெனியுடையது என்று வந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து வையுங்கள், அதே ஆப்பில் புகாரும் கொடுக்கலாம், முத்திரை போலி என்றாலும் சரி, முத்திரை உண்மைதான் ஆனால் தரம் மோசம் என்றாலும் சரி. பிஐஎஸ் என்பது மத்திய அரசின் அமைப்பு, கடை கேரளத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

அடுத்த கதவு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். வழக்கு விசாரிக்கிற ஆணையம் வேறு, இது வேறு, பெயர் குழப்பும். 2020 ஜூலையில் வந்தது. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் வாங்கினவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடுகிற அதிகாரம் இதற்கு உண்டு. சும்மா காகித அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் தர முத்திரை இல்லாத குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அதே மாதம் பிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக அதே மாதிரி உத்தரவு. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அது தனி. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குக்கர் விஷயத்தில் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இவர்களுக்கு எழுத்து மூலமாகவோ மின்னஞ்சலிலோ புகார் அனுப்பலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம்.

இந்த ஓரிடத்தில் மட்டும் எல்லை குறுக்கே வரும். ஆட்சியர் தன் மாவட்டத்துக்குள்தான் விசாரிக்க முடியும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் பாறசாலைக் கடையைச் சோதிக்க அவர் ஆள் அனுப்ப முடியாது. அந்த மனு திருவனந்தபுரம் ஆட்சியருக்குப் போக வேண்டும், அல்லது நேரடியாக டெல்லிக்கு. ஆனால் அதே குக்கர் மார்த்தாண்டத்திலும் விற்கிறது என்று நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் நம் ஆட்சியரிடம் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் அவருக்கு அதிகாரம் உண்டு.

1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசுங்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அபிப்பிராயம்: பெரிய கம்பெனி, சின்னத் தொகை என்றால் நன்றாக வேலை செய்யும், காயம் பட்ட வழக்கை அது முடித்து வைக்காது. உத்தரவு போடுகிற அதிகாரம் அதற்குக் கிடையாது, கம்பெனிக்குத் தள்ளிவிட்டுப் பதில் வாங்கித் தரும். ஆனாலும் பதிவு எண் கிடைக்கும், கம்பெனி எழுத்தில் ஒரு பதில் தரும். அந்தப் பதிலுக்காகத்தான் நான் எல்லாரையும் பேசச் சொல்கிறேன். அவசரத்தில் எழுதுகிற முதல் பதிலில் அவர்கள் உளறிவைக்கிறது பின்னால் நமக்கு நிறையப் பயன்படும்.

அதன் பிறகு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அனுப்புங்கள். வக்கீல் தாளில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. இந்த மாதிரி எழுதினால் போதும்:

"நான் கடந்த ஓணம் விற்பனையின்போது (தேதி) தங்கள் கடையில் (பெயர், மாடல், லைசென்ஸ் எண்) ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரை ரூ. ___ கொடுத்து வாங்கினேன். (தேதி) காலை சுமார் ___ மணிக்கு என் தாயார் அதில் அரைப் பாத்திரத்துக்கும் குறைவாகக் கடலை வேக வைத்தபோது அடுப்பில் இருக்கும்போதே மூடி தெறித்து, அவருக்கு வலது கையிலும் கழுத்திலும் தீக்காயம் ஏற்பட்டது. மூடியை யாரும் திறக்க முயலவில்லை. குக்கரின் எந்தப் பாகமும் வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படவில்லை. சேஃப்டி வால்வு உருகாமல் இருக்கிறது. குக்கர் என் வசம் அதே நிலையில் இருக்கிறது, தங்கள் பிரதிநிதி முன்கூட்டியே தெரிவித்துவிட்டு என் வீட்டில் வந்து என் முன்னிலையில் பார்வையிடலாம். 15 நாளுக்குள் கீழ்க்கண்ட தொகையை..."

நடந்தது அப்படியே இருந்தால்தான் அந்த வரிகளை எழுத வேண்டும், அரைப் பாத்திரம் என்பது முக்கால் பாத்திரமாக இருந்தால் முக்கால் என்றே எழுதுங்கள், பொய்யை ஒரு குறுக்கு விசாரணை கூடத் தாங்காது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 2025-இல் ரெஜிஸ்டர்டு தபாலையும் அதோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் போஸ்ட் ஆபீசில் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள்.

பதில் வரவில்லை, அல்லது வழக்கமான பதில் வந்தது என்றால் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். நேரில் நாகர்கோவிலில் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம், முன்பு இ-தாக்கில் என்று இருந்த வேலையெல்லாம் 2025-இலிருந்து அதற்குள் வந்துவிட்டது. உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம், காணொளியில் ஆஜராகவும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் காயம் பெரிது, தொகை பெரிது, எதிரில் பெரிய கம்பெனி என்றால் ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். மனுவை ஆங்கிலத்தில் போடுங்கள், இல்லை தமிழில் எழுதி ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள், கேரளத்துக் கடைக்காரர் "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று ஒரு வாய்தா வாங்குவதைத் தடுக்கலாம். மலையாளத்தில் ஏதாவது காகிதம் இருந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும்.

மனு ஏற்கப்பட்டதும் 21 நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போகும். பதில் தர அவர்களுக்கு 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. குறையைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே பொருளை வாங்கி சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். நீங்களே தனியாக ஒரு லேத்துப் பட்டறைக்காரரிடம் காட்டி சர்டிபிகேட் வாங்கி வராதீர்கள், அதற்கு மதிப்பில்லை, பிரித்துப் பார்த்துவிட்டால் இருக்கிற மதிப்பும் போய்விடும். ஆய்வக அறிக்கை 45 நாளில் வர வேண்டும், கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பரிசோதனை இல்லாத வழக்கு மூன்று மாதத்தில், பரிசோதனை உள்ளது ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அப்படி முடியும் என்று நம்பிக் கல்யாணம் காட்சியை எல்லாம் தள்ளி வைக்காதீர்கள், வருஷம் தாண்டும்.

அண்ணி வீட்டுக் குக்கரை இன்றைக்கே அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும், தண்ணீர் மட்டும் காய்ச்சலாம், விசிலைக் கழற்றிவிட்டுச் சாதம் வைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை வரும், ஒன்றும் வேண்டாம். ஒரே மாடல், ஒரே மாதத் தயாரிப்பு என்றால் அது உங்களுக்குப் பெரிய உதவி. உங்கள் குக்கரின் வால்வில் குறை என்று நீங்கள் சொல்வதை அடிபடாத இன்னொன்றை வைத்துப் பரிசோதிக்கலாம், "வெடித்ததால்தான் அப்படி ஆகிவிட்டது" என்கிற சமாளிப்புக்கு அங்கே இடமில்லை. அண்ணியும் புகாரில் சேர்ந்து விலையைத் திரும்பக் கேட்கலாம். விருப்பமில்லை என்றால் சாட்சியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாலும் போதும்.

வழக்குப் போட்ட பிறகு, சில சமயம் நோட்டீஸ் போன உடனேயே, கடைக்காரர் யாராவது தெரிந்த அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். கையில் பணமும் ஒரு வவுச்சரும் இருக்கும். சமாதானமாகப் போவதில் தப்பே இல்லை, நல்ல தொகை என்றால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வவுச்சரை முழுவதும் வாசியுங்கள். "இது சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்கிற வரி இருந்து, கொடுக்கிறது குக்கர் விலை மட்டும் என்றால், அந்த வரியை அடித்துவிட்டு "குக்கரின் விலையாக மட்டும் பெற்றுக்கொண்டேன், காயத்துக்கான ஈடு இதில் சேராது" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதிக்கவில்லையா, காபியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணத்தை வாங்க வேண்டாம்.